நிலைக்கு மேல் ஒரு பலகை

ஸ்காபரோ, கனடா
09.11.2023

அன்பு அக்கா,

நீங்களும் அத்தானும் சுகம்தானே? இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, அத்தான் பக்கத்தில் இருப்பார். இங்கே அலுமாரி செய்கிறேன் என்றது பொய். சவப்பெட்டி செய்கிறேன். இந்த நாட்டில் கதவும் நிலையும் தொழிற்சாலையிலிருந்து முடிந்தே வருகின்றன. உளி பிடித்த கைக்கு இந்த வேலைதான் கிடைத்தது. உங்கள் புது வீட்டு நிலைக்கு மேல் வைக்க அனுப்பிய தாமரைப் பலகை சவப்பெட்டிக்கு வெட்டியதில் மிஞ்சிய மரம். நல்ல மரம், எறிய மனம் வரவில்லை. அனுப்பிய பிறகுதான் புத்தி வந்தது. வைக்காதீர்கள், அக்கா.

தம்பி சிந்துஜன்

அன்புவழிபுரம்
12.12.2023

சிந்துஜன்,

வெள்ளிக்கிழமை நிலை வைத்தோம். மஞ்சள் பூசி, மாலை போட்டு, வந்த சனத்துக்கெல்லாம் உன் பலகையைக் காட்டிப் பெருமைப்பட்டேன். திங்கட்கிழமை உன் கடிதம் வந்தது. அத்தானிடம் மறைக்க என்னால் ஏலவில்லை. "சவப்பெட்டி மரத்துக்குக் கீழால நான் வீட்டுக்குள்ள போறதோ?" என்று அலவாங்கால் நெம்பிப் பெயர்த்து எரித்துவிட்டார். நல்ல காரியத்துக்கு எதை அனுப்புவது என்று தெரியாத பிள்ளையா நீ? இனி எழுதாதே.

இரத்தினேஸ்வரி

ஸ்காபரோ
20.01.2024

அக்கா,

இது ஒன்றுதான், இனி எழுதமாட்டேன். அத்தான் எரித்தது சரி. ஆனால் இந்த வேலையை நான் ஏனோதானோ என்று செய்யவில்லை. பெட்டியின் உட்புறத்தையும் இழைக்கிறேன். "துணி போட்டு மூடுகிற இடத்துக்கு ஏன் இந்தப் பாடு?" என்று மேற்பார்வையாளர் சிரிக்கிறார். படுக்கிறவருக்கும் முதுகு இருக்கிறதுதானே.

வதிவிட அனுமதி கிடைத்தால் முதலில் உங்கள் வாசலில்தான் வந்து நிற்பேன். உள்ளே விடாவிட்டாலும் பரவாயில்லை.

சிந்துஜன்

அன்புவழிபுரம்
20.06.2024

தம்பி,

அத்தான் போய்விட்டார். போன மாதம் துறைமுகக் கரையில் தோணி தள்ளும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மண்ணில் குந்தியவர், பிறகு எழும்பவில்லை. உனக்கு அறிவிக்க வேண்டாம் என்று அவருடைய ஆட்கள் மறித்துவிட்டார்கள். அந்தப் பலகையால்தான் என்று சனம் கதைக்கிறது. நானும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்தேன், பொய் சொல்லமாட்டேன்.

அவருக்குக் கடையில் வாங்கிய பெட்டி. வெளியே நல்ல பளபளப்பு. அவருடைய தலையைச் சரிசெய்யக் கையை உள்ளே விட்டேன், விரலில் சிராய் ஏறியது. துணிக்குக் கீழே இழைக்காத பலகை. அப்போதுதான் உன் பெயரைச் சொல்லிக் குழறி அழுதேன்.

நிலைக்கு மேல் ஆணி அடித்த ஓட்டை இரண்டும் அப்படியே இருக்கின்றன. வேறு தச்சனை நான் விடவில்லை. எப்போது வந்தாலும் நீயே வந்து அடை.

அக்கா