உங்கள் ஈரலைச் சுமந்த எலி

என்னங்க,

அடுப்பில் ஆட்டு ஈரல் வெந்துகொண்டிருக்கிறது. மிளகும் சோம்பும் ஈரலோடு சேர்ந்தால் ஒரு வாசம் வருமே, அது இந்நேரம் வாசலில் நிற்கும் உங்கள் மோட்டார் சைக்கிள் வரைக்கும் போயிருக்கும். முன்பெல்லாம் போர்ட் கிள்ளானில் லோரியை விட்டுவிட்டு வந்ததும், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் நேராக அடுப்படிக்கு வந்து சட்டிக்குள் எட்டிப் பார்ப்பீர்கள். "நான் செத்தாலும் இத மட்டும் படைச்சிரு. எங்க இருந்தாலும் வந்துருவேன் லா" என்பீர்கள். நான் கரண்டியை ஓங்கிக்கொண்டு வருவேன்.

இன்று உங்களுக்குத் திதி இல்லை, அமாவாசையும் இல்லை. ஆனாலும் இலை போடப் போகிறேன். ஏன் இன்றைக்கு என்று உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

உங்கள் ஈரலைக் கெடுத்தது காமாலைக் கிருமி. பிறக்கும்போதே ஒட்டிக்கொண்டு, இத்தனை வருடம் சத்தமில்லாமல் உள்ளே குடியிருந்தது என்று டாக்டர் சொன்னார். ஆனால் ஈரல் என்று வாயைத் திறந்தாலே நம் ஆட்களுக்கு ஒரே ஒரு காரணம்தான் தெரியும். உங்களைப் பார்க்க வந்தவர்கள் ஆப்பிள் பையைக் கட்டில்மேல் வைத்துவிட்டு, "தண்ணியக் கொஞ்சம் கொறச்சிருக்கலாம்" என்று என் காதில் ஓதிவிட்டுப் போனார்கள். திருவிழாவில் கொடுக்கும் மோரைத் தாண்டி எதையும் தொடாத மனிதர் நீங்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீங்கள் சிரிப்பீர்கள். "விடு லா. குடிச்சிருந்தா அந்தச் சந்தோஷமாச்சும் மிஞ்சியிருக்கும்."

வயிற்றில் நீர் கோத்துக்கொண்டபோது உப்பை நிறுத்தச் சொன்னார்கள். அன்றிலிருந்து நம் வீட்டு உலையில் உப்பு விழவில்லை. உங்களுக்குத் தனியாக ஆக்க மனம் வராமல் நானும் அதையே தின்றேன். ஒவ்வொரு வேளையும் முதல் வாய் வைத்ததும், "உப்பு எங்க?" என்று கடையில் கேட்பதுபோல் கேட்பீர்கள். "பாசார்ல முடிஞ்சு போச்சு" என்பேன். உப்பில்லாத ஈரல் எதற்கு என்று நீங்களே அதை வேண்டாம் என்றுவிட்டீர்கள்.

உங்கள் அக்கா தன் ஈரலில் பாதியைத் தருகிறேன் என்று முன்னால் வந்து நின்றார். சர்க்கரை வியாதி இருப்பதால் முடியாது என்று திருப்பி அனுப்பினார்கள். வேறு ஆள் அமையவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஆராய்ச்சி செய்யும் அந்தப் பெண் வார்டில் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நம் தமிழ்ப் பெண். உங்கள் இரத்தத்தில் கொஞ்சம் எடுத்து, அதிலிருக்கும் செல்லைக் கருவில் இருந்த நிலைக்கே திரும்பக் கொண்டுபோவார்களாம். ஸ்டெம் செல் என்றாள். பிறகு அதை ஈரலாக மாறப் பழக்கி, ஓர் எலியின் உடம்பில் வைத்தால், அங்கே மனித ஈரல் வளருமாம்.

"எலிக்குள்ளயா? எங்க ஊரு காப்பார்ல வந்து பாரும்மா, தோட்டத்துச் செம்பனைப் பழம் தின்னு பூனை சைஸ்ல திரியுது. ஒரு ஈரல் என்ன, நாலு வெக்கலாம்" என்றீர்கள்.

அவள் சிரிக்கவில்லை. "அங்கிள், ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். இது உங்களுக்கு உதவாது. பின்னால வர்றவங்களுக்குத்தான்."

"தெரியும்மா. எடுத்துக்க. என் பேரு போடுவீங்களா?"

"பேரு இருக்காது அங்கிள். நம்பர்தான்."

"லோரிக்கும் நம்பர்தான். ஆனா வளர்ந்துச்சா இல்லையான்னு எங்க வீட்ல சொல்லணும்."

அவள் மேலிடத்தில் கேட்டு அதற்குச் சம்மதம் வாங்கிக்கொண்டு வந்தாள். நீங்கள் எல்லாவற்றையும் சரியாகத்தான் புரிந்துகொண்டீர்கள். நான்தான் வளரும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்றதை வார்டிலேயே விட்டுவிட்டு வந்தேன். சாமி விளக்கில் எண்ணெய் ஊற்றும்போதெல்லாம் அந்த எலிக்கும் சேர்த்துக் கும்பிட்டேன். சீக்கிரம் வளர்த்துக் கொடு என்று.

நீங்கள் காத்திருக்கவில்லை.

கருமாதிக்கு முதல் நாள் அவள் போன் செய்தாள். குரலில் அப்படி ஒரு பூரிப்பு. "ஆன்டி, அங்கிளோடது எலிக்குள்ள நல்லா ஒட்டிக்கிச்சு! ரத்தம் ஓடுது, வேலை செய்யுது. அங்கிள்கிட்ட சொல்லுங்க ஆன்டி." நீங்கள் போய்விட்டது அவளுக்குத் தெரியாது. நான் போனைப் பிடித்தபடி உங்கள் படத்துக்கு வாங்கி வைத்திருந்த மாலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "சொல்றேம்மா" என்றேன்.

மறுநாள் படையலுக்கு, போனவருக்குப் பிடித்தது அத்தனையும் இலையில் இருக்க வேண்டும் என்பது நம் வழக்கம். உங்கள் அக்கா ஈரலை வாங்கிக் கழுவியே வைத்துவிட்டார். நான் சட்டியைப் பிடுங்கினேன். "அவரு ஈரலு உசுரோட இருக்கு. உசுரோட இருக்கறவருக்கு யாராச்சும் படைப்பாங்களா?" என்று கத்தினேன். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று உங்கள் அக்கா என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அன்று உங்கள் இலையில் ஈரல் இல்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததைக் கேட்டால் சிரிப்பீர்கள். அடுப்படி மூலையில் நீங்கள் வைக்கும் எலிப்பசை அட்டைகளையெல்லாம் தூக்கி எறிந்தேன். ராத்திரி கூரையில் ஓட்டம் கேட்டால் திட்டுவதில்லை. அவளிடம் எலியைக் காட்டச் சொல்லிக் கேட்டேன். சுத்தமான அறை, வெளியாள் போகக்கூடாது என்று போனில் படம் அனுப்பினாள். வெள்ளை எலி, சிவப்புக் கண். சாப்பிடுதா, தூங்குதா என்று கேட்டுக்கொண்டே இருப்பேன். பாவம், பொறுமையாகப் பதில் சொல்வாள். உங்களை விசாரித்ததுபோலவே அதையும் விசாரித்தேன். விதவை என்று யார் சொன்னாலும், உள்ளுக்குள், முழுசாக இல்லை என்று சொல்லிக்கொள்வேன்.

நேற்று அவள் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வரச் சொன்னாள். கிள்ளானில் ரயில் ஏறிப் போனேன். வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் மூலை மேசையில் உட்கார்ந்திருந்தாள். எதிர் மேசைக்காரர் இலையில் ஈரல் பிரட்டல். அந்த வாசத்திலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

"ஆராய்ச்சி முடிஞ்சிருச்சு ஆன்டி. எலிய இனிமே வெச்சிருக்க முடியாது. தூங்க வெச்சுட்டோம். வலி இல்ல."

நான் அழவில்லை. நானே எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டேன். "ஈரல் எப்படிம்மா இருந்துச்சு?"

அவள் கண்தான் நிறைந்தது. "நல்ல ஈரல் ஆன்டி. கிருமி இல்ல, தழும்பு இல்ல. அங்கிளுக்கு அந்த வியாதியே வராம இருந்தா எப்படி இருந்திருக்குமோ, அப்படி."

இத்தனை வருடம் உங்களைக் குடிகாரர் என்று பேசிய அத்தனை பேரையும் அந்த மேசைக்கு இழுத்து வந்து, இன்னொரு தரம் சொல்லும்மா என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. பிறகு அந்தக் கோபமும் வடிந்தது. நல்ல ஈரல் ஒன்று உங்களுக்குக் கடைசியில் வளரத்தான் செய்தது. அதை வைத்துக்கொள்ள நீங்கள்தான் இல்லை. ரயிலில் ஷா ஆலம் தாண்டும்போது அழுதேன். பக்கத்தில் இருந்த மலாய்க்காரப் பெண் ஒன்றும் கேட்காமல் டிஷ்யூவை நீட்டினாள்.

இனி எங்கும் நீங்கள் உயிரோடு இல்லை. அதனால் இன்று காலை பாசாருக்குப் போய் ஈரல் வாங்கி வந்தேன். உப்பும் ஒரு பாக்கெட்.

பிரட்டல் சுண்டிவிட்டது. இறக்கப் போகிறேன். ஆனால் ஒரு சங்கடம். இத்தனை காலம் உப்பில்லாமலே ஆக்கிப் பழகிய கை, அளவை மறந்துவிட்டது. படைப்பதற்கு முன்னால் ருசி பார்க்கவும் கூடாது. குத்துமதிப்பாகத்தான் போட்டிருக்கிறேன்.

இலை போட்டாயிற்று. வந்து உட்காருங்கள். முதல் வாய் வைத்ததும் சொல்லுங்கள், உப்பு இருக்கா?