குறிப்புக் கட்டத்தில் இருந்தவை

இன்று காலை படகு இயந்திரத்துக்கான ரப்பர் வளையங்கள் வந்த பெட்டியைப் பிரித்தேன். புது ரப்பர் வாசம் எழுந்ததும் பக்கத்துக் கதிரையில் நீர் உட்கார்ந்திருப்பதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தேன். நீர் போய் இரண்டு வருடமாகிறது.

ஊர்காவற்றுறையில் நாம் இருவரும் இந்த உதிரிப்பாகக் கடையைத் தொடங்கியபோது ஒரு கணினி வாங்கினோம். கடைசிக் காலத்தில் அதை எழுப்பவே அரை மணித்தியாலம் வேண்டும். மின்சாரம் நின்று வந்தால் அன்றைக்கு வேலை செய்யுமா என்று தெரியாது. மாற்றவேண்டும் என்று நான் சொன்னபோது நீர் மறுக்கவில்லை.

"மாத்துவம். ஆனா நான் பக்கத்திலை இருந்து பாத்துத்தான் மாத்தோணும்" என்றீர்.

காரணம் எனக்கும் தெரியும். யுத்த காலத்தில் எங்கள் தீவுக்குப் பாகங்கள் வராது. ஒரு இயந்திரத்தின் பாகத்தைக் கழற்றி இன்னொன்றுக்குப் போட்டே மீனவர்கள் கடலுக்குப் போனார்கள். எந்தப் படகில் எதற்குப் பதிலாக எது கிடக்கிறது என்பதை, கணினியில் அவரவர் பெயருக்குக் கீழே, குறிப்புக் கட்டத்தில் வருடக்கணக்காக அடித்து வைத்திருந்தீர்.

நீர் யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்த மாதம் நான் மாற்றினேன். புதுக் கணினி பூட்ட வந்தவர், "பேர், நம்பர் வரும் அண்ணை. குறிப்பு வராது, பழசைப் பாத்து இருந்து அடிக்கோணும்" என்றார். பரவாயில்லை என்றேன். கணினி பழசு என்று ஊருக்குச் சொன்னேன். உண்மை வேறு. கடைக்குள் வருகிறவர்கள் என்னைத் தாண்டி எட்டிப் பார்த்து, "அவர் இல்லையோ?" என்று கேட்பது எனக்குப் பொறுக்கவில்லை.

திரும்பி வந்தீர்.

"பழசு எங்கை?"

"பழைய இரும்புக்காரனிட்டைக் குடுத்திட்டன்."

நீர் வெளியே போய்ச் செருப்பைப் போட்டீர். பிறகு கடைப்பக்கம் வரவேயில்லை.

எழுவைதீவிலிருந்து வருகிற ஒருவருக்குப் புதுப் பட்டியலைப் பார்த்துப் பாகம் கொடுத்தேன். அது நடுக்கடலில் உடைந்தது. ஒரு பகல் முழுக்க வெயிலில் மிதந்தவரை இன்னொரு படகு கட்டி இழுத்துவந்தது. அதைக் கேள்விப்பட்டதும் கொப்பியோடு உம்முடைய வீட்டுக்கு வந்தேன். "ஞாபகம் இருக்கிறதைச் சொல்லும், எழுதுறன்" என்றேன்.

நீர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தீர். "புதுசு வாங்கினனீர்தானே. அதிட்டைக் கேளும்."

அதுதான் நீர் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு. உம்முடைய செத்தவீட்டில் அந்த எழுவைதீவுக்காரர் சொன்னார்: "படுக்கையிலை கிடந்தும் எனக்கு ரெண்டு தரம் போன் எடுத்தவர். என்ரை எஞ்சினுக்கு எது பொருந்தும் எண்டு விளங்கப்படுத்தினவர். எல்லாருக்கும் எடுத்தவராம்."

எல்லாருக்கும் எடுத்திருக்கிறீர். எனக்கு எடுக்கவில்லை.

அதன்பிறகு வருகிறவர்கள் என்னிடம் எதையும் கேட்பதில்லை. "அவர் இதைத்தான் எடுக்கச் சொன்னவர்" என்று பாகத்தின் இலக்கத்தைச் சொல்கிறார்கள். எடுத்துக் கொடுத்துவிட்டு, அதை அவர்கள் பெயருக்குக் கீழே அடிக்கிறேன். இப்படிப் பொறுக்கியே உம்முடைய குறிப்புகளில் பாதிக்கு மேல் சேர்ந்துவிட்டது.

பிழை என்னுடையதுதான். நீர் என்னை ஏசியிருக்கலாம், கடை வாசலில் நின்று நாலு பேருக்கு முன்னால் ஏசியிருக்கலாம். ஏசாமல் போனதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.