சாகாத பேன்கள்

ஜூன் 18, புதன்
பேத்தி ரெபேக்காள் தலையில் மறுபடியும் பேன். மூன்றாம் முறை லோஷன் தேய்த்தும் போகவில்லை. மருமகள் ஜெனிட்டா பார்வதத்தைப் பிடித்துக்கொண்டாள்: "நீ ஒழுங்கா தேய்க்கறதில்ல. உன் வீட்லேர்ந்துதான் வருதோ என்னவோ."

எங்களுக்குச் சமைத்து, பேத்திக்குத் தலையும் பின்னிவிடுகிறவள் பார்வதம். "இன்னாம்மா இப்டி சொல்ற? பாட்டில்ல போட்டுகீற மாதிரிதான் தேச்சேன்," என்றாள்.

ஒட்டுண்ணியியல் பாடம் நடத்தியே தலை வழுக்கையானவன் நான். செய்தித்தாளை மடித்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 19, வியாழன்
பழைய லோஷன் கெட்டிருக்கலாம் அல்லவா? புது பாட்டில் வாங்கப் போனேன். கடைக்காரர் என் தலையைப் பார்த்தார். "உங்களுக்கா சார்?" கூசிப்போனேன்.

மாலை, பேத்தி தலையில் வாரிய பேன்களை இரண்டாகப் பிரித்தேன். ஒரு வடிதாளில் புது லோஷன், இன்னொன்றில் வெறும் தண்ணீர். இரவுச் சாப்பாடு முடிந்து பார்த்தால் இரண்டிலும் நடமாட்டம்!

சந்தோஷமாக இருந்தது. உடனே வெட்கமாகவும். இந்த மருந்து பேனின் நரம்பிலுள்ள ஒரு வாயிலை மூடவிடாமல் பிடித்துக்கொண்டுதான் கொல்கிறது. அந்த வாயிலை உண்டாக்கும் மரபணுவில் ஓரிடம் மாறிவிட்டால் மருந்துக்குப் பிடி கிடைக்காது. அதுதானா இது? அல்லது தாளில் லோஷன் சரியாக ஊறவில்லையோ?

ஜூன் 20, வெள்ளி
மறுபடி செய்தேன். அதே முடிவு. சில பேன்களை ஆல்கஹாலில் போட்டு, பொத்தேரி ஆய்வகத்தில் இருக்கும் பழைய மாணவன் கலையரசனுக்கு அனுப்பினேன். போனில் சிரித்தான். "எல்லாரும் மாம்பழம் அனுப்புவாங்க, நீங்க பேன் அனுப்புறீங்க! மரபணுவப் பார்த்துச் சொல்ல ரெண்டு வாரம் ஆகும் சார்."

ஜூன் 21, சனி
திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று ஜெனிட்டா பார்வதத்திடம் சொல்லிவிட்டாள்.

ஜூன் 22, ஞாயிறு
ஆராதனை முடிந்து மாமல்லபுரம். நல்ல காற்று, வறுத்த மீன். ஜெனிட்டா வழியெல்லாம் காதோரம் சொறிந்துகொண்டே வந்தாள். பார்த்தேன். சொல்லவில்லை.

கலையரசன் முடிவு சொல்லட்டும் என்கிறது மனம். அதற்குள் பார்வதம் எந்த வீட்டில் வேலை தேடிக்கொண்டிருப்பாளோ? ஆதாரம் போதாது — எதற்குப் போதாது? கட்டுரை எழுதவா, ஒரு வார்த்தை பேசவா? என்ன மனுசன்யா நீ.

ஜூன் 23, திங்கள்
பேசிவிட்டேன்.

விடிந்ததும் பேத்தி தலையை வாரி, புதுப் பேன்களை லோஷன் தாளில் விட்டிருந்தேன். ஜெனிட்டா ஆபீஸ் கிளம்பும்போது அந்தத் தாள் இருந்த தட்டை நீட்டினேன். "பார்வதம் மேல தப்பில்லம்மா. இதுங்களுக்கு இந்த மருந்து ஏறல."

குனிந்து பார்த்தாள். "ஐயே, நடக்குது மாமா! அப்ப எவ்ளோ தேச்சாலும்?"

"தேய்க்கத் தேய்க்க, தாங்குறதுதான் மிஞ்சும். பேன் சீப்பு போட்டு வாரணும். சீப்புக்குத் தப்பிக்க அதுங்ககிட்ட மரபணு இல்ல."

செருப்பை மாட்டியவள் அதைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். பிறகு போனை எடுத்தாள். "பார்வதம், நான் பேசுனது தப்புதான். வந்துடேன்." அந்தப் பக்கம் என்ன சொன்னாளோ, ஜெனிட்டா "தப்புதான், தப்புதான்" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

ஜூன் 24, செவ்வாய்
பார்வதம் வந்தாள். வத்தக்குழம்பு. உப்பு கொஞ்சம் தூக்கல். எல்லாரும் இரண்டாம் முறை வாங்கிச் சாப்பிட்டோம்.

ஜூலை 5, சனி
கலையரசன் கூப்பிட்டான். அனுப்பியதில் ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் அந்த மாற்றம் இருக்கிறதாம்! இந்த வயதில் இப்படி ஒரு குதூகலமா?

சொல்வதற்காகப் பால்கனிக்கு ஓடினேன். ரெபேக்காள் முறை முடிந்து, முக்காலியில் ஜெனிட்டா உட்கார்ந்திருந்தாள். பின்னால் பார்வதம், கையில் பேன் சீப்பு.

"தலைய ஆட்டாதம்மா. ஓடிகினு கீது பாரு, எம்மாம் பெருசு!"

ஜெனிட்டா கண்ணை இறுக மூடிக்கொண்டு சிரித்தாள். நான் மரபணு, வாயில், மாற்றம் எல்லாம் விளக்கினேன்.

"சரி சார்," என்றாள் பார்வதம். "வெளிச்சத்த மறைக்காத. கொஞ்சம் தள்ளு."

தள்ளி நின்றேன்.