இன்றைக்கு யார் முறை

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மாவு ஆட்டினேன். எங்கள் முறை இல்லை, விஜயா அத்தை வீட்டு முறை. "இன்னைக்கு ஒரு நாள் மட்டும்டா பாப்பா, ஸ்கூல்ல மீட்டிங்." போன செவ்வாயும் மீட்டிங்தான். அத்தை டீச்சர்.

ஆறு வீட்டுக்கும் ஒரே அடுப்படி. ஒன்றாக இருக்கலாம் என்று பேசிச் சேர்ந்து கட்டிய வீடுகள். சுவரில் வேலைப் பலகை. அதில் வீட்டின் பெயர்தான், செய்தவர் பெயர் கிடையாது. பார்த்தால் எல்லோரும் சமம்.

நேற்றும் இன்றும் நான் செய்தவை: மாவு (வி. அத்தை). குப்பைக்குழிக்கு மண் போட்டது (மோகன் மாமா). அண்டா இரண்டு தேய்த்தது (சேகர் அண்ணன்). எங்கள் வீட்டு முறை, தினமும் எல்லோருக்கும் மதியச் சோறு.

தஞ்சாவூரில் ஒரு பட்டறையில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைச் சுற்றி காயில் கட்டக் கற்றுத் தருகிறார்கள். வரும் திங்களிலிருந்து மூன்று மாதம், தினம் பத்திலிருந்து ஒன்று வரை. சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். பத்தாவது போதுமாம். நான் பதினொன்றில் நின்றவள். எழுந்து பதில் சொல்லச் சொன்னால் பேச்சு வராது. அங்கே கையால்தான் வேலை.

அம்மா துணிக்கடையிலிருந்து வந்ததும் சொன்னேன். "போ. ஆனா மதியச் சோத்துக்கு ஒரு வழி பண்ணணும்ல? எல்லார்ட்டயும் நீயே கேளு. நான் கேட்டா பொண்ணுக்குப் பரிஞ்சு பேசுறாம்பாங்க."

நானே கேட்பதாம்!

ஜூலை 9, புதன்

வெந்தயம், தேங்காய் 4, செருப்பு வார் தைக்க.

கேட்கலாமென்று வி. அத்தை பக்கத்தில் இரண்டு தடவை போய் நின்றேன். "என்னடா?" "ஒண்ணுமில்ல அத்தை." இரண்டு தடவையும் கறிவேப்பிலை உருவிக் கொடுத்துவிட்டு வந்தேன். ச்சே.

ஜூலை 10, வியாழன்

மேகம். மழை இல்லை. வாய்க்காலில் தண்ணீர் வந்தாயிற்று. பின்னால் வீட்டுக்கொரு துண்டு வயல், குறுவை நட்டிருக்கிறது. வீட்டுக்கு அரை நாள் என்று முறை வைத்துப் பாய்ச்சல். விடியும்போதே மோகன் மாமா மண்வெட்டியோடு வரப்பில்.

"சேகரு, ஆறு மணி ஆச்சு. என் முறை."

"அஞ்சு நிமிஷம் மாமா, மூலை இன்னும் நனையல."

"அஞ்சாவது பத்தாவது. முறைன்னா முறைதான். மடைய அடைப்பா."

அவரே இறங்கி அடைத்தார். அதே ஆள் எட்டு மணிக்கு, "பாப்பா, குழிக்கு ரெண்டு கூடை மண்ணு போட்டுடும்மா, இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

போட்டேன். கோபத்தில் நாலு கூடை.

ஜூலை 11, வெள்ளி

நாளைக் காலை ஆறு வீட்டுக் கூட்டத்தில் சொல்ல வேண்டியதை எழுதினேன். நீளம். அடித்து அடித்து மூன்று வரி. மோட்டார் கொட்டகையில், மோட்டார் ஓடும்போது சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். அங்கே வருகிறது.

மாமா மறுபடி குழி. "உங்க முறை மாமா" என்றேன், எனக்கே கேட்காத குரலில். "என்னம்மா?" "ஒண்ணுமில்ல."

ஆனால் மண் போடவில்லை.

ஜூலை 12, சனி

காலைக் கூட்டம். குழி நாறுகிறது என்பதுதான் முதல் பேச்சு. மாமா, "பாப்பா மறந்துருச்சு போல." எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கையில் தாள் கசங்கி, மூன்று வரியும் போச்சு. வந்தது வேறு.

"அது உங்க முறை மாமா. தண்ணி முறைய எனக்கு விட்டுத் தர மாட்டீங்க. குழி முறைய மட்டும் ஏன் தரீங்க?"

சேகர் அண்ணன் சிரித்தார். "மாமா, உங்க மடைய அடைச்சிட்டா!"

வி. அத்தை, "நீ சிரிக்காத. உன் அண்டாவத் தேய்க்கிறது யாரு?" பிறகு மெதுவாக, "என் மாவும் அவதான்."

"வீட்லதானே இருக்கான்னு..." என்று மாமா இழுத்தார்.

"திங்கக்கிழமைலேருந்து இருக்க மாட்டேன். தஞ்சாவூர்ல காயில் கட்டக் கத்துக்கப் போறேன்."

கூட்ட முடிவு: இனிமேல் பலகையில் செய்தவர் பெயர். முறையை மாற்றலாம், தள்ளிவிட முடியாது. எங்கள் மதியச் சோற்று முறை மாமாவுக்கு, அவருடைய இரவுப் பாத்திரம் எனக்கும் அம்மாவுக்கும். "எனக்கு வெந்நி வைக்கத்தான் தெரியும்" என்று சொல்லிப் பார்த்தார். எடுபடவில்லை.

பட்டறைக்குப் போன். "வர்றேங்க." வேறு பேச வரவில்லை.

ஜூலை 14, திங்கள்

பஸ்ஸில் எழுதுகிறேன், கோணல். ஸ்டாப்பில் நிற்கும்போதே மாமா போன். "பாப்பா, உலை எம்புட்டு வைக்கணும்? ஒரு எட்டு வந்து காட்டிட்டுப் போயேம்மா." பஸ் வளைவில் தெரிந்தது. அடுத்தது அரை மணி கழித்து. கால் வீட்டுப் பக்கம் திரும்பத்தான் பார்த்தது.

"பாதி அண்டாவுக்கு மேல தண்ணி மாமா. கொதிச்சப்புறம் அரிசி. பஸ் வந்துருச்சு."

ஏறிவிட்டேன். போன் மறுபடி அடிக்கிறது. அடிக்கட்டும். அடுத்தது நான் இறங்க வேண்டிய ஸ்டாப்.