படத்தில் ஓரமாக நிற்பவள்

ஜூலை 8, செவ்வாய்

பாதி ராத்திரியில் மறுபடி எழுத உட்கார்ந்துவிட்டேன், மன்னித்துக்கொள். காலையில் கண் எரியப்போவது எழுதுகிறவளுக்கும் படிக்கிறவளுக்கும் ஒன்றாகத்தான், இரண்டும் நான்தானே. குட்டி இப்போதுதான் தூங்கினாள். அவள் மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாயிற்று. மூச்சு வருகிறது.

வியாழன் அன்று எட்டாம் வகுப்புக்குப் போர்ப் பாடம். கோட்டை நகரத்து முற்றுகை. மன்னர் பெயர், வருடம் எதுவும் கிடையாது. ஒரே படம், அதைச் சுற்றிக் கேள்விகள். யார் நிற்கிறார்கள்? யார் ஓடுகிறார்கள்? யாரை வரையவில்லை? பிள்ளைகள் எது சொன்னாலும் "தப்பு" என்று சொல்லக் கூடாது, "எதைப் பார்த்துச் சொல்றே?" என்று மட்டும் கேட்க வேண்டும். நானே எனக்கு வைத்துக்கொண்ட விதி. படம் வரைவது டிராயிங் டீச்சர் அக்கா. நன்றாக வந்தால் பயிற்சிப் புத்தகமாக அச்சடிக்கலாம் என்று ஹெச்.எம். சொல்லியிருக்கிறார். அக்கா இல்லாவிட்டால் இந்தப் பள்ளியில் நான் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன்.

ஜூலை 9

படம் கைக்கு வரவில்லை. "நேரா கிளாஸ்லயே பாரு, அசந்துடுவே" என்கிறார் அக்கா.

ஜூலை 10, வியாழன்

இன்று அந்தப் பாடம் எடுத்தேன்.

முதலில் சிரிப்பாகத்தான் போனது. "மிஸ், குதிரைக்கு அஞ்சு கால்!" "தப்பிச்சு ஓடணும்ல, எக்ஸ்ட்ரா ஒண்ணு." நானும் சிரித்தேன். பிறகு கடைசி பெஞ்சுப் பெண் படத்தின் ஓரத்தைக் காட்டினாள். கோட்டை வாசலுக்கு வெளியே ஒருத்தி, வீட்டைத் திரும்பிப் பார்த்தபடி.

"இவ குழந்தையை உள்ளே விட்டுட்டு வந்துட்டா மிஸ்."

"எதைப் பார்த்துச் சொல்றே?"

"தோள்ல குழந்தைத் துணி கிடக்கு. கையில குழந்தை இல்லை. சிப்பாய் அந்தப் பக்கம் நிக்கிறான், இவ அவனைப் பாக்கவே இல்லை. வீட்டைப் பாத்துதான் பயப்படுறா."

"சீ, இவல்லாம் ஒரு அம்மாவா?" முன் பெஞ்சுப் பையன்.

என் விதிப்படி அவனிடமும் கேட்டேன். எதைப் பார்த்துச் சொல்றே?

அந்தத் துணியைப் பற்றி உலகத்தில் ஒருவரிடம்தான் சொல்லியிருக்கிறேன். போன வருடம் ஒரு ராத்திரி, அழுகையை நிறுத்தாத குட்டியைக் கட்டிலில் விட்டுவிட்டுத் தெருமுனை வரை நடந்து போனேன். அவளை என்ன செய்துவிடுவேனோ என்று என்னைக் கண்டே பயந்து. தோளில் அவள் துணி மட்டும். வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. ஸ்டாஃப் ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அக்காவிடம் அழுதேன்.

ஜூலை 11

கேட்டேன்.

"உன் முகத்தையாடி வரைஞ்சேன்? யாருக்குத் தெரியப்போகுது? கிளாஸே மூச்சு விடாம பாத்துச்சுல்ல! அதையே அட்டைப்படமா போடலாம்னு ஹெச்.எம். சொல்லிட்டார்."

அட்டைப்படம்!

எனக்குத் தெரியுமே அக்கா. எனக்குத் தெரியுமே. பொத்திப் பொத்தி வெச்சிருந்ததை உங்க கையில குடுத்தேன், நீங்க கலர் அடிச்சு ஊருக்கே காட்டுறீங்க. நான் ஏன் வாயைத் திறந்தேன் — யார் திறக்கச் சொன்னது?

ஜூலை 12

புத்தகம் வீட்டுக்கும் வரும். அவர் புரட்டுவார்.

ஜூலை 13, ஞாயிறு

அவரிடம் சொல்லிவிட்டேன். குட்டியைக் குளிப்பாட்டித் தலை துவட்டும்போது, அவர் முகத்தைப் பார்க்காமலே.

"என்னை எழுப்பியிருக்கலாமே" என்றார்.

"எழுப்பினேன். திரும்பிப் படுத்துக்கிட்டீங்க."

குட்டியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

ஜூலை 14, திங்கள்

அக்காவுக்கு அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

"அக்கா, அவர்கிட்ட நானே சொல்லிட்டேன். அதனால பயந்துபோய்க் கேக்கலை. படம் நல்லா இருக்கு, பிள்ளைங்க சரியாத்தான் படிச்சாங்க. ஆனா அவளை வரையறதுக்கு முன்னாடி நீங்க என்னை ஒரு வார்த்தை கேக்கலை. அவளை எடுத்துடுங்க. அதுக்கேத்த மாதிரி கேள்வியை நான் மாத்தித் தரேன். இனிமே உங்ககிட்ட மனசு விட்டுப் பேசுவேனான்னு தெரியலை, இப்ப அதைக் கேக்காதீங்க. புதன்கிழமை அச்சுக்குப் போகுது. சீக்கிரம் பதில் போடுங்க."