முதலில் இயந்திரம் போகட்டும்

ஜூலை 7, திங்கள்

மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று காலையிலேயே தொடங்கிவிட்டது. மேசை முழுவதும் மணல். துடைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

சனிக்கிழமை வாசகர் வட்டத்தில் என் பேச்சு. தலைப்பு: மனிதர் கோள்களில் குடியேறும் முன், விண்வெளியில் சுரங்கம் தோண்ட இயந்திரங்களை அனுப்புதல். நீளம். சுருக்க வேண்டும்.

குறிப்புகள்:
– சிறுகோள்களில் இரும்பு, நிக்கல். நிலவின் துருவப் பள்ளங்களில் பனிக்கட்டி.
– பனிக்கட்டியிலிருந்து குடிநீர், மூச்சுக்காற்று, எரிபொருள். இங்கிருந்து சுமக்கத் தேவையில்லை.
– சிறுகோளில் ஈர்ப்பு மிகக் குறைவு. துளைக்கப் போனவனே தூக்கி எறியப்படுவான். இயந்திரம் கால்களால் கவ்விக்கொள்ளும்.
– இயந்திரத்துக்கு மூச்சு வேண்டாம்.

கடைசியை எழுதியதும் பேனாவை வைத்துவிட்டேன். மூத்த மகன் நிஸார். வெளிநாட்டு வேலைத்தளம், நிலத்தடிக் கழிவுநீர்த் தாங்கி. உள்ளே என்ன வாயு என்று பார்க்காமலே அவனை இறக்கிவிட்டார்கள். அங்கேயே அடக்கம். கபுறை நாங்கள் கண்டதில்லை.

இப்போது இளையவன் ரியாஸ் போகிறான். சுரங்க வேலை, நிலத்துக்கு அடியில். அடுத்த திங்கள் பயணம். போகாதே என்று சொல்ல வேண்டும். இன்னும் சொல்லவில்லை.

ஜூலை 9, புதன்

பிரஷருக்கு விழுங்கும் குளிசை முடிகிறது. வாங்க வேண்டும்.

ரியாஸ் வந்தான். சொல்ல வாயெடுத்தேன். பாரைக்குட்டி மீன் சந்தைக்கு வந்ததா என்று கேட்டுவிட்டேன்.

அவனுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு இல்லாமல் கல்யாணப் பேச்சே எழாது. மூத்தவளுக்கென்று தொடங்கிய வீடு கூரையில்லாமல் நிற்கிறது. சுவர்களுக்குள் ஆமணக்கு ஆள் உயரம். எதைச் சொல்லி அவனைத் தடுப்பேன்?

ஒரு யோசனை. சனிக்கிழமை பேச்சுக்கு வரச் சொன்னேன். சபையில் சொன்னால் தனக்குத்தான் சொல்கிறேன் என்று விளங்கிக்கொள்வான். கோழைத்தனம்தான். வேறு வழி தெரியவில்லை.

மனைவி றஹீமாவுக்கு வாசித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

"அந்த மிசின் வேலை முடிய ஊருக்கு வருமா?"

வராது, பழுதானால் அங்கேயே விட்டுவிடுவார்கள் என்றேன்.

"பரவால்ல. அதுக்கு உம்மா இல்லத்தானே."

கீரையைக் கழுவ எழுந்து போனாள். கிணற்றடியில் நெடுநேரம் தண்ணீர்ச் சத்தம்.

ஜூலை 11, வெள்ளி

ஜும்ஆவுக்குப் போய்வந்து பேச்சைத் திருத்தினேன். பகல் முழுக்க மின்சாரம் இல்லை.

நல்லதோர் உதாரணம் கிடைத்தது: கிணறு தோண்டாத வீட்டில் எந்த வாப்பாவும் மகளைக் குடிவைப்பதில்லை. வீடு, கிணறு, கதவு எல்லாம் ஆன பிறகுதான் மாப்பிள்ளை. செவ்வாயில் மட்டும் ஏன் மனிதர் முதலில்?

திரும்ப வாசித்தேன். பிடித்திருக்கிறது. எனக்குப் பிடித்தால் எங்காவது பிழை இருக்கும். தேடினேன். காணவில்லை.

ஜூலை 12, சனி

நூலக மேல்மாடி. ஆட்கள் குறைவு. ரியாஸ் பின்வரிசையில். முன்வரிசையில் பாண்டிருப்பு ஊர்த் தங்கராசா, வாய்க்கால் வேலைகளை மேற்பார்த்து ஓய்வுபெற்ற ஓவசியர், நெடுநாள் நண்பர். நான் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுத்த காலத்துப் பெயரால்தான் இன்னும் கூப்பிடுவார்.

"டிஸ்பென்சர், இண்டைக்கு எந்தக் கோளுக்கு மருந்து?"

எல்லோரும் சிரித்தார்கள். தாள்களை விரித்து வாசிக்கத் தொடங்கினேன்.

வங்கியில் வேலை செய்யும் ஓர் இளைஞர், மனிதன் நேரில் கால்வைக்கும் பெருமை இயந்திரத்துக்கு வருமா என்றார். பெருமைக்கு அவசரமில்லை, தண்ணீரும் காற்றும் உறுதியான பிறகு போகலாம் என்றேன். தலையசைத்தார்கள். கொஞ்சம் துணிவு வந்தது. வீட்டு உதாரணத்தை ரியாஸைப் பார்த்தே சொன்னேன்.

தங்கராசா எழும்பினார். முகத்தில் கேலி இல்லை.

"சரி டிஸ்பென்சர். அந்த வீட்டையும் கிணத்தையும் கட்டுறதுக்கு நம்மட ஆக்கள் எந்த மிசின அனுப்புற? புள்ளைகளத்தானே அனுப்புற."

சொன்ன பிறகுதான் நிஸாரின் நினைவு வந்திருக்க வேண்டும். சட்டென்று உட்கார்ந்துவிட்டார்.

மகள் பர்வீனின் வீடு நிஸார் அனுப்பிய பணத்தில் எழுந்தது. கிணறும் அப்படித்தான். நானும் றஹீமாவும் அவளோடுதான் இருக்கிறோம். அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டே அந்த உதாரணத்தை எழுதியிருக்கிறேன்.

கடைசிப் பக்கம் வாசிக்கவில்லை. நன்றி சொல்லி இறங்கினேன்.

ரியாஸின் மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பினோம். சந்தி தாண்டியதும் வேகத்தைக் குறைத்தான்.

"எனக்கு விளங்கிச்சி வாப்பா. நான் போகாட்டி மறுகா ஆரு போற?"

பள்ளம் பார்த்து ஓட்டு என்றேன்.

ஜூலை 14, திங்கள்

சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வேன் வந்தது. ரியாஸின் பிள்ளைகள் இருவரும் வாசலில், சின்னவள் பாதித் தூக்கத்தில். றஹீமா ஓதி அவன் தலையில் ஊதினாள்.

வேன் கதவருகே சொல்லிவிட்டேன்.

"போகாத மகன்."

என் கையைப் பிடித்தான். "இனி எப்பிடி வாப்பா" என்றான். ஏறிவிட்டான்.

ஒரு வாரத்துக்கு முன் சொல்லியிருந்தால்? தெரியாது. அப்போதும் இதையே சொல்லியிருப்பான்.

பின்னேரம் தங்கராசா வந்தார், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு. சிறுபோக நெல் வெட்டைப் பற்றிக் கதைத்தோம். தேநீர் வேண்டாமென்றார், தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டுக் கிணற்றடியில் சற்று நின்றார். பிறகு போனார்.

ஜூலை 19, சனி

வெக்கை. காற்று இல்லை. குளிசை வாங்கினேன். பேச்சுத் தாள்கள் அலுமாரியின் மேல்தட்டில்.

ரியாஸ் போனில் கோல் எடுத்தான். குரல் விட்டு விட்டுக் கேட்டது. சாப்பாடு பரவாயில்லையாம். வேலை தொடங்கிவிட்டதாம்.

"ஆழமான இடத்துக்கு மிசினத்தான் முதல்ல அனுப்புறாங்க வாப்பா. நீங்க சொன்ன மாதிரித்தான்."

உண்மையா, எனக்காகச் சொன்னதா? கேட்கவில்லை. ஓம் மகன், நல்லம் என்றேன். தொடர்பு அறுந்தது.

றஹீமா அடுப்படியிலிருந்து ஈரக் கையோடு வந்தாள். என்ன சொன்னான் என்று கேட்டாள். மிசின்தான் முன்னுக்குப் போகுமாம் என்றேன்.

கையைத் துடைத்தாள்.

"அதுக்குப் பின்னால ஆரு போற?"