ஊமை ரகம்

கோபக்காரிக்கு,

நீ போனை எடுக்காததால் இதை எழுதி, உன் அம்மா வீட்டுக் கதவடியில் போட்டுவிட்டுப் போகிறேன்.

நம் கடல் பாக்டீரியா ஒன்றுக்கொன்று வேதிப்பொருளால் சேதி சொல்லி, கூட்டம் சேர்ந்த பிறகே ஒளிரும். உன் 'ஊமை' ரகத்துக்குச் சேதி சொல்லத் தெரியாது, கேட்க மட்டும் தெரியும். ஒருமுறை கேட்டுவிட்டால், சேதியை நீக்கிய பிறகும் நினைவில் வைத்து ஒளிர்கிறது என்பது உன் கண்டுபிடிப்பு. நினைவாவது மண்ணாங்கட்டியாவது. செல்களை நீ ஒரே முறை அலசியிருக்கிறாய். சேதி கலந்த பழைய திரவம் செல்களில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் மூன்று முறை அலசினேன். குடுவை இருண்டுவிட்டது.

"என்னப்பா, பொண்டாட்டி உன்ன முந்திட்டாளே" என்று பேராசிரியர் இன்றும் சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். திங்கட்கிழமை உன் கட்டுரையை இதழுக்கு அனுப்பப் போகிறார்.

இந்தப் பிழையை நீ சொன்னால் அது திருத்தம். நான் சொன்னால் வயிற்றெரிச்சல். பெட்டியைத் தூக்கும்போது நீ சொன்ன அதே வார்த்தை. ஞாயிறு முழுக்க ஆய்வகத்தில் இருப்பேன். வந்து உன் கையாலேயே அலசிப் பார். ஒளிர்ந்தால் உன் காலில் விழுகிறேன்.

வராவிட்டால் திங்கள் காலை பேராசிரியரிடம் நான் சொல்லிவிடுவேன். அதற்குப் பிறகு நீ வீட்டுக்கு வரமாட்டாய் என்று தெரிந்தேதான் எழுதுகிறேன்.

இன்றுவரை,
உன் வீட்டுக்காரன்